காற்றுக்கு முதுகு கொடுத்து

கோடியக்கரைக்குப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் எந்த லென்ஸ் கொண்டுவரலாம் என்று கேட்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. கடலோரத்தில் வெளிச்சத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது காற்றைத்தான் என்பது என் கட்சி.

பறவை காற்றை எதிர்த்தே எழும்பும், எதிர்த்தே இறங்கும். சேற்றில் சும்மா நிற்கும்போதும் முகத்தைக் காற்றுப் பக்கம் வைத்துக்கொள்ளும். பின்னாலிருந்து அடித்தால் இறகு கலைந்துவிடும் அல்லவா? வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் இங்கே வாடை வடகிழக்கிலிருந்து வீசுகிறது. சூரியனோ தென்கிழக்கில் எழுகிறது. காலையில் கிழக்கே முதுகு காட்டி உட்கார்ந்தால் வெயில், காற்று இரண்டும் நம் பின்னால். இறங்குகிற ஆலா நேராக நம்மை நோக்கி வரும், கண்ணில் ஒளிப்புள்ளியோடு. சாயங்காலம் எல்லாம் தலைகீழ். வெயிலை முதுகில் வாங்கினால் வால்தான் கிடைக்கும்.

பூநாரை தண்ணீரில் ஓடித்தான் எழும்ப முடியும். சிறகின் சிவப்பைப் பிடிக்க வேண்டுமென்று கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்புகிறவர்கள் உண்டு. அந்தப் படங்களில் பெரும்பாலும் பின்புறம்தான் இருக்கும். விரட்டியவனை விட்டுத்தானே ஓடும்!

உள்ளான்களைத் துரத்துவது இன்னும் மோசம். கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரிப்பவை. திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை இந்த மாதிரிச் சேற்றில் மேய்ந்துதான் சேர்க்கின்றன. சேற்றில் படுத்து, லென்ஸைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து அசையாமல் கிடந்தால் அவையே மேய்ந்தபடி கிட்டே வரும். சில சமயம் ஃபோகஸ் ஆகாத அளவுக்கு.

உப்பள வெண்மையில் கேமராவின் மீட்டரை நம்புவதில்லை. எல்லாவற்றையும் சாம்பலாக்கப் பார்க்கும். ஒரு ஸ்டாப் கூட்டி வைப்பேன். ஒன்பது மணி தாண்டினால் தரை சூடேறிக் கானல் ஆடத் தொடங்கும். அதற்குப் பிறகு எவ்வளவு விலையுள்ள லென்ஸிலும் தொலைவுப் பறவையின் இறகு கூழாகத்தான் தெரியும்.

அப்போது புல்வெளிப் பக்கம் போய்விடுவேன். 1967-இல் இந்த இடம் சரணாலயமானதே வெளிமானுக்காகத்தான். இங்கே காற்றுக் கணக்கு மாறிவிடும். முதுகுக் காற்று நம் வாசத்தை முன்னே கொண்டுபோய்ச் சேர்க்கும். மானின் கண்ணோ மூக்கைவிடக் கூர்மை. ஆகவே காற்று முகத்தில் அடிக்கும்படி உட்கார்ந்து, அது கிட்டே வரக் காத்திருப்பேன். கறுத்த கடாவின் முதுகுக்கு வெளிச்சம் வைத்தால் வெள்ளை வயிறு வெளிறிப்போகும். வயிற்றுக்கு வைத்தால் முகம் இருண்டு கண் தெரியாது. நான் வயிற்றைக் காப்பாற்றிவிட்டு, கறுப்பை வீட்டுக்கு வந்து கணினியில் தூக்கிக்கொள்கிறேன்.