மழை ஊரில் ஒரு கல்

நாவலப்பிட்டியில் குடை இல்லாமல் ஒருவர் நடந்தால் அவர் வெளியூர்க்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ரயிலில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் வட்டவளை. அங்கே வருசத்துக்கு 5000 மில்லிமீட்டரை ஒட்டி மழை கொட்டுகிறது. எங்களுக்கு வருவது அதன் தம்பி. ஊரை ஒட்டி மகாவலி ஓடுகிறது. தோட்டங்களில் லயத்துக்கு லயம் பீலி. இப்படித் தண்ணீருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளிடம், “நீங்க தண்ணி குடிக்கிறதே இல்லையா?” என்று ஸ்கேன் பார்த்த டொக்டர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விலாவில் வலியும் இருந்ததால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இடது சிறுநீரகத்தில் 2.2 சென்டிமீட்டர் கல். வீட்டுக்கு வந்ததும் மகனின் கணிதப் பெட்டியிலிருந்து அடிமட்டத்தை எடுத்து அளந்து பார்த்தேன். அடிமட்டத்தில் சின்னதாகத்தான் தெரிந்தது.

இரண்டு வருசமாக அதற்கு எங்கள் வீட்டில் ‘வாயு’ என்று பெயர். கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். உள்ளிப்பூண்டு சுட்டுத் தின்றேன். ஒருநாள் இரவு அந்த வாயு முதுகில் தொடங்கி அடிவயிறுவரை இறங்கி என்னைச் சுருட்டிப் போட்டபோதுதான் இவர் ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு வலி போனது. பெயர் மட்டும் மாறியது. மறுநாள் சொந்தக்காரர் எல்லாருக்கும் ‘டீச்சருக்குக் கிட்னியாம்’ என்று செய்தி போய்விட்டது.

இந்த நாட்டில் கிட்னி என்று சொன்னால் போதும், கேட்பவர் முகம் மாறிவிடும். அநுராதபுரம், மதவாச்சி, பதவியா என்று வறண்ட பகுதி விவசாயிகளைக் காரணம் தெரியாத சிறுநீரக நோய் வாட்டுவது 1990களிலிருந்து எல்லாரும் கேட்டுப் பழகிய செய்தி. பத்திரிகையில் சிறுநீரகம் தானம் கேட்டு விளம்பரங்கள் வரும். ஆகவே என்னைப் பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் கடைசியாகப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்கள். “கல்லுதாங்க, கல்லு” என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

வந்தவர்கள் சும்மா வரவில்லை. வாழைத்தண்டு வந்தது. நெருஞ்சி முள் வந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஒரு கட்டு பொல்பலா கொண்டுவந்து தந்தார். பார்த்தால், பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற நம்முடைய சிறுபீளை! ஒருவர் காமரங்காயைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னார். அதை மட்டும் நான் தொடவில்லை. காமரங்காயில் ஒக்ஸலேட் மிக அதிகம். சாறாகக் குடித்துச் சிறுநீரகம் பழுதாகிப் போனவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். பொல்பலா குடித்தேன். கல் அசையவில்லை. ஆனால் அந்த அம்மா தினமும் வந்து ‘குடித்தாயா’ என்று பார்த்ததால், வாழ்க்கையில் முதன்முதலாகப் பகல் நேரத்தில் ஏதோ திரவம் உள்ளே போனது.

டொக்டரின் கேள்விக்கு வருகிறேன். குடிப்பதில்லைதான். அது எங்கள் குடும்பச் சொத்து.

அம்மா கொழுந்து எடுத்தவர். விடியக் காலையில் ஒரு கோப்பை சாயத்தண்ணியும் ரொட்டியும். அதற்குப் பிறகு பகல் நிறுவை முடிந்து லயத்துக்கு வரும்வரை ஒரு சொட்டு உள்ளே போகாது. மலையில் கக்கூஸ் ஏது? ஆம்பிளைகள் ஒரு மரத்தடிக்குப் போய் வந்துவிடுவார்கள். பெண்கள் இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து, கூடையை இறக்கி வைத்து, செடிகளுக்குள் குந்தினால் கீழே அட்டை, மேலே கங்காணியின் கண். போய் வரும் நேரத்தில் கொழுந்து குறையும். நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். “குடிச்சாத்தானே தொல்லை” என்பார் அம்மா. பெரிய தத்துவம் போல அல்ல, மழைக்குக் குடை எடு என்பது போலத்தான் சொல்வார்.

நான் மலைக்குப் போகவில்லை, படித்து டீச்சரானேன். ஆனால் அந்தப் பழக்கம் என்னோடு கூடவே படித்து டீச்சராகிவிட்டது. காலை ஆறு மணிக்கு ஒரு தேத்தண்ணி. பிறகு பஸ். பள்ளிக்கூடத்தில் பெண் ஆசிரியர்களுக்கு இருந்தது ஒரு கக்கூஸ், அதுவும் மழையில் மைதானத்தைக் கடந்து போகவேண்டும். ஒன்றரைக்குப் பள்ளி விட்டு வீடு வந்து சேர மூன்று மணி. அப்போதுதான் அடுத்த தேத்தண்ணி. இப்படி 24 வருசம். கல்லுக்கு வேறு என்ன வேண்டும்?

ஒப்பரேஷனுக்கு நாள் தருவதற்கு முன்னால் நடந்ததெல்லாம் துண்டும் ரிப்போர்ட்டும்தான். இரத்தம், சலம், நெஞ்சுப் படம், ஈசிஜி, மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன். சலத்தில் கிருமி இருந்தது. அது இருக்கும்போது கல்லை உடைத்தால் கிருமி இரத்தத்தில் பரவி ஆளையே கொண்டுபோய்விடும் என்றார்கள். ஒரு வாரம் மருந்து, மறுபடியும் பரிசோதனை, நாள் தள்ளிப் போனது. நான் அந்த இடைவெளியில் படித்தேன். சத்திரசிகிச்சைக்குப் போகிறவர் அதிகம் படிக்கக்கூடாது என்று இவர் சொன்னார். டீச்சரிடம் சொல்லலாமா?

படித்ததில் ஒன்று என்னைவிட்டுப் போகவேயில்லை. வெட்டாமல் வெளியிலிருந்தே அதிர்வலை கொடுத்துக் கல்லைப் பொடியாக்கும் முறையை 1980 பெப்ரவரியில் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார்கள். அந்த இயந்திரத்தைச் செய்தது டோர்னியர் என்ற விமானக் கம்பனி. மிக வேகமாகப் பறக்கிற விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகம் ஏன் சேதமாகிறது என்று ஆராயப் போனவர்களுக்குக் கிடைத்த அறிவு அது. மழைத்துளியிடம் கற்றுக்கொண்டு கல்லை உடைத்திருக்கிறார்கள்! நாவலப்பிட்டிக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் இருக்குமா என்று கேட்டேன். டொக்டர் சிரித்தார். என் கல் அதற்குப் பெரிசாம். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் முதுகில் துளை போட்டு உள்ளே போவதுதான் நல்லதாம். அதை 1976இல் சுவீடனில் தொடங்கி வைத்தார்கள். துளை எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். அவர் தன் சுண்டுவிரலைக் காட்டினார்.

கண்டிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முதல் நாள் மாலையே அட்மிட். நகையெல்லாம் கழற்றிக் கொடுத்தாயிற்று. மெட்டி மட்டும் வரவில்லை. கல்யாணத்தன்று போட்டது, விரல் அதற்குப் பிறகு தன்பாட்டுக்குப் பருத்துவிட்டது. ஒரு சிங்கள நர்ஸ் மிஸ் என் காலடியில் உட்கார்ந்து சவர்க்காரம் தடவி, நூலை விரலில் நெருக்கிச் சுற்றி, மெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தார். கால் மணி நேரம் ஆனது. அவருக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுதான். கழன்று வந்ததும் இரண்டு பேரும் ஒரே மொழியில் சிரித்தோம். விரலில் மெட்டி இருந்த இடம் மட்டும் வெள்ளையாய், தண்ணீரில் ஊறினது போல இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்குப் பிடித்தது பாருங்கள் தாகம்! வேண்டிய மட்டும் குடி என்று உலகமே சொன்ன காலத்தில் வராத தாகம். வெளியே மழை. ஜன்னல் கண்ணாடியில் வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். உதடு காய்ந்து ஒட்டியது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் தூங்கவில்லை. கிராந்துருகோட்டைப் பக்கம். டயலிசிஸ் செய்வதற்காகக் கையில் இரத்தக் குழாயை இணைக்க வந்திருந்தார். வயல்காரர். அரைச் சிங்களமும் கை சாடையுமாகப் பேசினோம். அவர் ஊரில் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவே எல்லாருக்கும் பயம். வடிகட்டிய தண்ணீரைக் கானில் வாங்குகிறார்கள். கடின நீரா, புளோரைட்டா, வயலுக்கு அடிக்கிற மருந்தா, வெயிலா என்று ஆராய்ச்சி நடந்துகொண்டே இருக்கிறது. அவர் எந்த ஆறு உங்கள் ஊரில் என்று கேட்டார். மகாவலி என்றேன். எங்களுக்கும் அதுதான் என்றார். உண்மைதான். எங்கள் ஊரை நனைத்துவிட்டுப் போகிற அதே ஆற்று நீரை வைத்துத்தான் மகாவலித் திட்டத்தில் அவர்களைக் குடியேற்றினார்கள். ஒரே ஆற்றுக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். ஒருத்தி தண்ணீர் குடித்ததால் வந்ததோ என்று பயந்துகொண்டும், ஒருத்தி குடிக்காததால் வந்ததென்று வெட்கப்பட்டுக்கொண்டும் படுத்திருந்தோம்.

ஒப்பரேஷனைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. குப்புறப் படுக்க வைப்பார்களாம், அதுகூட எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது முதுகில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய், இரண்டு பை. உள்ளே ஒரு குழாய் இருப்பதைப் பிறகுதான் சொன்னார்கள். சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே போட்ட மெல்லிய குழாய். இரண்டு முனையும் ஆங்கில ஜே எழுத்துப் போல வளைந்திருக்கும். நான்கு வாரத்தில் எடுக்கவேண்டும். மறந்தால் அதன்மேலேயே கல் கட்டிக்கொள்ளும்.

பையில் இறங்குவதைப் பார்த்துத்தான் எனக்கு நாள் போனது. தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்க்க வரிசையாகக் கோப்பை வைத்திருப்பார்களே, அப்படி நிறம் பார்த்தேன். முதல் நாள் பீட்ரூட் அவித்த தண்ணீர். அடுத்த நாள் காலை தூள் கூடிப்போன சாயம். மாலைக்குள் நல்ல சாயத்தண்ணி. மூன்றாம் நாள் இரண்டாம் முறை ஊற்றிய இலைபோல வெளிறியது. மெட்டி கழற்றிய அந்த மிஸ் மணிக்கொரு தடவை வந்து, “அம்மே, வத்துர பொன்ன” என்பார். தண்ணி குடிங்க. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானோ என்றுகூட நினைத்தேன்.

கல்லைக் கேட்டு வாங்கினேன். சின்னப் போத்தலில் கித்துல் கருப்பட்டியை உடைத்துப் போட்டதுபோல நாலைந்து துண்டும் கொஞ்சம் தூளும். கல்சியம் ஒக்ஸலேட். பார்க்க வந்தவர்கள் உடனே பாலை நிறுத்து, தயிரை நிறுத்து என்றார்கள். டொக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. 1993இல் வெளிவந்த, அமெரிக்காவில் 45,000க்கு மேற்பட்ட ஆண்களைக் கவனித்த ஆய்வில், உணவில் கல்சியம் கூடுதலாகச் சேர்த்தவர்களுக்குத்தான் கல் குறைவாக வந்திருக்கிறது. பால் வயிற்றிலேயே ஒக்ஸலேட்டைப் பிடித்துக்கொள்ளுமாம். அப்படியானால் வெறுஞ்சாயத்தைவிடப் பால் தேத்தண்ணி மேல். சம்பளம் பத்தாமல் அம்மா கடைசிவரை வெறுஞ்சாயத்தோடு நின்றுவிட்டார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டியதும் ரயிலில்தான் வீட்டுக்கு வந்தோம். பஸ் குலுக்கும், ரயிலில் கக்கூஸ் இருக்கும் என்பது இவருடைய கணக்கு. கணக்கு சரி. உள்ளே இருக்கிற குழாய் சும்மா இருக்க விடாது. போய் வந்து உட்கார்ந்த உடனே மறுபடியும் போகச் சொல்லும். போகும்போது விலாவில் ஒரு குத்தும் குத்தும். உலப்பனை வருவதற்குள் மூன்று தடவை எழுந்தேன். வீடு மேட்டில், படிக்கட்டு 64. நீராவிக் காலத்தில் 44 அடிக்கு ஒரு அடி ஏறுகிற மலை ரயில் பாதைக்காக நாவலப்பிட்டியில் ரயிலுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சினைப் பூட்டித் தள்ளிக்கொண்டு போவார்களாம். இவர் என் முதுகில் கை படாமல், இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்து அப்படியேதான் தள்ளினார். பக்கத்து வீட்டு அம்மா மேலே நின்று பார்த்துச் சிரித்தார்.

மிச்சத் துண்டுகள் வருகின்றனவா என்று வடித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். தேத்தண்ணி வடிக்கிற வடி ஒன்று புதிதாக வாங்கி, சிவப்பு நூல் கட்டிக் குளியலறையில் தொங்கவிட்டேன். வீட்டுக்கு வந்த தங்கச்சி அதைக் கழுவித் தேத்தண்ணி போடக் கொண்டுபோனதை மட்டும் நான் கண்டிருக்காவிட்டால், கதை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

தங்கச்சி இன்னும் கொழுந்து எடுக்கிறாள். எனக்கு ஒரு நாளைக்கு மூன்று லீட்டர் தண்ணீர் என்று கேட்டு, “மூணு லீட்டரா! குடிச்சிட்டு எங்கக்கா போறது?” என்றாள். இத்தாலியில் 199 பேரை ஐந்து வருசம் கவனித்து 1996இல் எழுதியதை அவளுக்குச் சொன்னேன். நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குத்தான் கல் திரும்ப வந்தது. மற்றவர்களில் 27 பேருக்கு. அவள் கேட்டுவிட்டு, “அவங்களுக்குக் கக்கூஸ் இருந்திருக்கும்” என்றாள்.

குழாயை எடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடம் போனேன். மேசையில் ஒரு லீட்டர் போத்தல். பிள்ளைகள் போத்தலையே பார்த்தார்கள். மூன்றாம் பாடவேளையில் பின்வரிசைப் பிள்ளை எழுந்து, “டீச்சர், வெளிய போகணும்” என்றாள். “மணி அடிக்கட்டும், உக்காரு” என்று வாய்வரை வந்துவிட்டது. 24 வருசமாக நான் சொல்லி வந்த வாசகம் அது. போ என்றேன். அவள் நம்பாமல் ஒரு நிமிடம் நின்றாள். கதவைத் தாண்டியிருக்கமாட்டாள், அந்த வரிசையில் இன்னும் ஐந்து பேர் எழுந்து நின்றார்கள். பெண் பிள்ளைகளுடைய கக்கூஸின் சாவி அலுவலகத்தில் இருந்தது. போத்தலை மூடிவைத்துவிட்டு, அவர்களோடு நானும் மழையில் சாவி வாங்கப் போனேன்.