சர்க்கரை தின்னும் பாசி

சித்தூரில் தென்னங்கள் இறக்குபவர்களுக்கு ஒரு விஷயம் எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமலேயே தெரியும். பாளையில் சொட்டும் இனிப்பு நீரைச் சும்மா விட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். இன்னும் விட்டால் காடி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி வைத்தால் மட்டும் பதநீராகவே நிற்கும். இனிப்பு இருக்கும் இடத்துக்கு நுண்ணுயிர்கள் அழைக்காமலே வரும்.

நுண்பாசி வளர்ப்பவர்களின் தலைவலியும் இதேதான்.

பாசிக்கு வழக்கமான சாப்பாடு வெயிலும் கரியமில வாயுவும். குளம் பச்சையாக அடர்ந்துவிட்டால் மேலே இருப்பது கீழே இருப்பதற்கு நிழலாகிவிடும், வளர்ச்சி குறையும். இரவிலோ பகலில் சேர்த்ததில் கொஞ்சத்தைச் செலவழித்தே உயிர் வாழும். எனவே வெயிலோடு கொஞ்சம் குளுகோஸோ மொலாசஸோ கொடுத்தால் என்ன? சில பாசி வகைகள் இரண்டையும் சாப்பிடும். வளர்ச்சியும் வேகமாக இருக்கும். சர்க்கரையை எரிக்கும்போது வெளியாகும் கரியமில வாயுவே ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும். தைவானில் குளோரெல்லா பாசிக்கு அசிட்டிக் அமிலம் கொடுத்து வளர்த்தது இந்த முறையில்தான். சித்தூர்க்காரர்களின் காடியில் புளிப்பாக இருப்பதும் அதே அமிலம்.

ஆனால் திறந்த தொட்டியில் சர்க்கரை போட்டால் பாசியை முந்திக்கொண்டு பாக்டீரியா பெருகும். அதைத் தடுக்கக் கிருமி நீக்கிய மூடிய கலன் வேண்டும். கலனுக்குக் காசு வேண்டும். போட்ட சர்க்கரை முழுவதும் பாசியாவதும் இல்லை, ஒரு பகுதி எரிந்தே போகும்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டவர் சி.வி. சேஷாத்ரி. 1977இல் தொடங்கிய சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தை நடத்திய அவர், 1995இல் காலமானார். அவரது மையம் எடுத்துக்கொண்டது ஸ்பைருலினா. உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். அதைவிட முக்கியம், சோடா உப்பு கரைத்த காரநீரில் அது செழிக்கும். மற்ற பல உயிர்கள் அங்கே தாக்குப்பிடிக்காது. கலயத்துச் சுண்ணாம்பு செய்யும் அதே வேலை. கிராமத்துப் பெண்கள் வீட்டு வாசலில் மண்பானையில் வளர்த்து, துணியில் வடிகட்டி, வெயிலில் காயவைக்க முடிந்ததற்கு அதுதான் காரணம். விளைச்சல் தொழிற்சாலை அளவுக்கு வராது. ஆனால் குழந்தையின் உணவில் கலக்கும் பொருளில் அளவைவிடச் சுத்தம் பெரிது.

காரநீரிலும் சர்க்கரையைத் தாராளமாகக் கொட்டிவிட முடியாது. அந்த நீருக்குப் பழகிய பாக்டீரியாவும் உண்டு.

மேனோன்பாறையில் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் சித்தூரில் மொலாசஸுக்குப் பஞ்சமில்லை. ஆலை மூடப்பட்டு, அந்த இடம் அரசு மதுபான நிறுவனத்துக்குப் போய்விட்டது. இனி மொலாசஸை விலைக்கு வாங்கத்தான் வேண்டும். தண்ணீரும் அங்கே எளிதல்ல. மழை மறைவுப் பிரதேசம்; நிலத்தடி நீருக்காக பிளாச்சிமடையில் மக்கள் போராடி, 2004இல் குளிர்பான ஆலை நின்றுபோன வட்டாரம். திறந்த தொட்டியிலிருந்து அந்த வெயில் தினமும் நீரைக் குடிக்கும்.

எனவே சித்தூரில் பாசித் தொட்டி கட்ட நினைப்பவர் எத்தனை கிலோ விளையும் என்று கேட்பதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து, சர்க்கரை யாருடையது, விளைந்ததைத் தின்னப்போவது யார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. மாட்டுத் தீவனத்துக்கு ஒரு விடை, குழந்தையின் கிண்ணத்துக்கு வேறு விடை.