பிரிவின் காலப்பிரமாணம்

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் 1976இல் எழுதிய ‘ஃபூர் அலினா’ இரண்டே பக்கமுள்ள பியானோ படைப்பு. அதன் சுரங்களில் தளர்வு இல்லை. வலக்கை பி மைனர் சுரவரிசைக்குள் நடக்கிறது. இடக்கை பி, டி, எஃப் ஷார்ப் ஆகிய மூன்றை மட்டுமே தொடுகிறது. ஓரிடத்தில் மட்டும் அது சி ஷார்ப்புக்கு விலகுகிறது. இசைத்தாளில் அவ்விடத்தில் பார்ட் ஒரு பூவை வரைந்திருக்கிறார்.

காலப்பிரமாணமோ அவ்வாறு கட்டப்படவில்லை. தாளக்குறி இல்லை; நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற எண்ணும் இல்லை. அமைதியாக, தனக்குள் செவிசாய்த்து வாசிக்குமாறு மட்டும் கேட்கிறார். ஆகவே சிலர் ஓரிரு நிமிடங்களில் முடிக்கின்றனர். 1999இல் வெளிவந்த ‘அலினா’ இசைத்தட்டிலோ அலெக்சாண்டர் மால்ட்டர் பத்து நிமிடங்களைக் கடக்கிறார்.

தாயைப் பிரிந்து இங்கிலாந்து சென்ற ஓர் இளம்பெண்ணுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட இப்படைப்பு, உண்மையில் அந்தத் தாய்க்கான ஆறுதல் என்பர். அம்மாவை ஊரில் விட்டு, ஐந்தாண்டுகளாக வடக்கே ஆய்வு செய்துவரும் எனக்கு, வேகம் ஏன் எழுதப்படவில்லை என்பது புரிகிறது. பிரிவின் சுரங்களை அவரால் எழுதித்தர முடிந்தது. ஒவ்வொரு சுரமும் அடங்க எவ்வளவு நேரமாகும் என்பதை வாசிப்பவரின் செவியிடம் விட்டுவிட்டார். தொலைபேசியில் அம்மா பேச்சை நிறுத்தும்போது நானும் காத்திருக்கிறேன்.