போடி ரயில்

மலைமேல் விளைந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் ஏலக்காயையும், மூணாற்றுப் பக்கத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிக்கு வந்துசேர்ந்த தேயிலையையும் மதுரைக்குக் கொண்டுசெல்லும் வியாபார உத்தேசத்தோடு 1928-இல் போடப்பட்ட சுமார் 90 கிலோமீட்டர் இருப்புப்பாதையை, இரண்டாம் உலக யுத்தத்தின்போது, இரும்பே பிரதானம் என்று கருதிய சர்க்கார் பெயர்த்தெடுத்துக்கொண்டு போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகுதான் மறுபடி தண்டவாளம் வந்தது.

மீட்டர் கேஜ் வண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் மூச்சுவாங்கி ஏறுகையில், பாறை வெட்டின் இருமருங்கும் ஜன்னலுக்கு வெகு சமீபத்தில் நகரும். எதிர் ஆசனத்துப் பாட்டி கடலைத் தோலை மடியிலேயே சேர்த்து, கணவாய் தாண்டிய பின்னரே வெளியே உதறுவாள். எதிர்க்காற்றின் சுபாவம் அவளுக்கு அத்துப்படி!

2010-இன் இறுதியில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்ட ரயில், தேனிக்கு 2022-இலும் போடிக்கு 2023-இலும்தான் திரும்பிற்று. இத்தனை தாமதத்தை என்னால் நியாயப்படுத்த இயலவில்லை. பிரயாணிகள் திரும்பிவிட்டார்கள், ஆனால், லாரி கடைவாசலுக்கே வந்து நிற்கும் இக்காலத்தில், ஏலக்காய் மூட்டை இனி ரயிலேறும் என்ற நம்பிக்கை எனக்கு அவ்வளவாக இல்லை.