நிறமும் பொருத்தமும்

புடவைக் கடைக்குப் போகும் பெண்களைக் கேலி செய்யாத ஹாஸ்ய எழுத்தாளர் தமிழ்நாட்டில் கிடையாது. ஐம்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லுவார்களாம். ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்ப்பார்களாம். கடைசியில் ஒன்றை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "என் நிறத்துக்கு எடுக்காது" என்று வைத்துவிடுவார்களாம். என் கதைகளிலும் இரண்டொரு கணவன்மார்கள் அந்த வாசலில் கொட்டாவி விட்டிருக்கிறார்கள். ஆனால், நிதானமாக யோசித்தால் அந்தப் பெண்கள் செய்வது சுத்தமான விஞ்ஞானம்.

பாரிஸில் கோப்லான் என்று பிரசித்தி பெற்ற திரைச்சீலை நெசவுச்சாலை ஒன்று உண்டு. 1824-ல் அதன் சாயப் பிரிவுக்கு ஷெவ்ரல் என்ற ரசாயன நிபுணர் தலைவரானார். அங்கே நெய்பவர்களுக்கு ஒரு குறை: கறுப்பு நூல் போதுமான கறுப்பாக இல்லை. அவர் சாயத்தைச் சோதித்துப் பார்த்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் கறுப்பு சோபை இழந்து நின்றது. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் அண்டை வீட்டு நிறம் தீர்மானிக்கிறது என்று 1839-ல் பெரிய புத்தகமே எழுதினார். எந்த மேனிக்கும் எந்தக் கூந்தலுக்கும் எந்த வர்ண உடை பொருந்தும் என்பதும் அதில் இருக்கிறது. நம் பெண்கள் புத்தகம் படிக்காமலே அதைத்தான் தோளில் போட்டுப் பார்க்கிறார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், இவ்வளவு சாமர்த்தியமும் முகப் பூச்சுக் கடைக்குள் நுழைந்தவுடன் எங்கேயோ போய்விடுகிறது. புடவைக்கு "பொருந்துமா?" என்று கேட்ட அதே பெண், பூச்சுக்கு "வெளுப்பாகக் காட்டுமா?" என்று கேட்கிறாள்.

அலங்காரப் பொருளுக்கும் பொருத்தம் வேண்டும் என்று மேல்நாட்டில் ஊரறியச் செய்தவர் மாக்ஸ் பாக்டர். போலந்தில் பிறந்து, பொய்முடி செய்யும் தொழில் கற்று, 1904-ல் அமெரிக்காவுக்குக் குடியேறியவர். ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு முகம் எழுதிய அனுபவத்தில், கூந்தல், கண், சருமம் மூன்றுக்கும் இசைந்த வர்ணமே பூச வேண்டும் என்று அவர் வகுத்தார். பொன்னிறக் கூந்தலுக்கு ஒரு வர்ணம், செம்பட்டைக்கு ஒன்று, கருங்கூந்தலுக்கு ஒன்று. நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பெட்டியை அப்படியே இறக்குமதி செய்தால், காஷ்மீரம் நீங்கலாகப் பாரத தேசத்துப் பெண்கள் அநேகமாக எல்லோரும் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்! கூந்தல் கறுப்பு, கண் கறுப்பு அல்லது கரும்பழுப்பு. நம்மை வேறுபடுத்துவது சருமம் ஒன்றே. சிவப்பு, பொதுநிறம், மாநிறம், கறுப்பு என்று நான்கு வார்த்தைகளில் நாம் அடக்கிவிட்டாலும், ஒரு வீட்டிலேயே அக்காளும் தங்கையும் வேறு நிறம்.

என் அண்ணன் மகள் நல்ல மாநிறம். அவள் கல்யாணத்துக்கு அலங்கார நிபுணி ஒருத்தியை ஏற்பாடு செய்திருந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு வந்து இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்த பெண்ணின் முகம் ரோஜா கலந்த வெள்ளை. காதும் கையும் பழைய மாநிறம். பார்வை மங்கிய என் அம்மா, "யாருடி இது? பிள்ளையோட தங்கையா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பெண் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தால் பூச்சு வெடிக்குமோ என்ற பயம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் கல்யாணப் படம் இல்லை. மறுநாள் காலை கட்டுச்சாதக் கூடை கட்டும் சமயத்தில், கலைந்த தலையும் கண்ணில் மையுமாக அவள் நிற்பதை யாரோ கைப்பேசியில் எடுத்த படம் மாட்டியிருந்தது. "ஆல்பம் பீரோவிலே இருக்கு, அத்தை. அதிலே கழுத்துக்கு மேலே ஒருத்தி, கழுத்துக்குக் கீழே ஒருத்தி" என்றாள். ஒரு பெண்ணுடைய வாழ்வில் முக்கியமான நாளன்று அவளையே காணாமல் அடித்துவிட்டார்கள்.

இதற்குக் காரணம் எளிது. பூச்சுகளில் வெளுப்பைத் தருவது டைட்டானியம் டையாக்ஸைடு என்ற வெள்ளைப் பொடி. மேனியைவிட இரண்டு படி வெளுத்த பூச்சைத் தடவினால், கறுத்த சருமத்தின்மேல் அது சாம்பல் பூத்துக் கிடக்கும். சருமத்துக்கு உயிர் கொடுக்கும் மஞ்சளும் சிவப்பும் இரும்பு ஆக்ஸைடுகள். அதாவது, நாம் கோலத்துக்கு இடும் காவியின் சொந்தக்காரர்கள். அவை தாராளமாகக் கலந்த பூச்சுதான் நமக்கு ஆகும்.

கடைக்காரர் புறங்கையில் தடவிக் காட்டுவார், நம்பாதீர்கள். கை நிறம் வேறு, முகம் வேறு. தாடையோரத்தில், கழுத்தை ஒட்டித் தடவி, புடவையைப் போலவே வாசல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தடவிய இடம் எங்கே என்று தேட வேண்டியிருந்தால் அதுவே உங்கள் பூச்சு. பத்து நிமிஷம் பொறுத்தும் பாருங்கள். சில பூச்சுகள் உலர்ந்தபின் ஒரு படி கறுக்கும்.

ஒரே மாநிறத்திலும், ஒருத்திக்கு அடியில் மஞ்சள் ஓடும். இன்னொருத்திக்குச் செம்மையோ நீலமோ ஓடும். முதலாமவளுக்குச் செங்கல் சிவப்பும் செம்பு நிறமும் உதட்டுக்கு எடுக்கும். மற்றவளுக்கு நாவற்பழமும் திராட்சையும். வெளிறிய ரோஜா இருவருக்குமே சுண்ணாம்பு மாதிரிதான் இருக்கும். கண்ணுக்கு நம் பாட்டிமார் கண்ட மையைவிட மேலானது இல்லை. கருங்கூந்தலுக்கு அது இணை. ஆனால் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்ட என்னைப் போன்றவர்களுக்குக் கன்னங்கறுப்பு மை முகத்தைக் கடுமையாக்கும். கரும்பழுப்புக்கு இறங்கிவிடுவது நல்லது. தலைச் சாயத்துக்கும் இதே நியாயம்.

இத்தனையும் தெரிந்த பிறகும் அந்த வெளுப்பு ஆசை போக மறுக்கிறது. 1975-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த பேர் அண்ட் லவ்லி, 2020-ல் தன் பெயரிலிருந்து 'பேர்' என்பதை எடுத்துவிட்டது. பெயரை மாற்றுவது சுலபம். பெண் பார்க்க வருகிறவர்களின் கண்ணை மாற்றுவது கஷ்டம்.

நம்முடைய பழைய கவிகளுக்கு வேறு கண் இருந்தது. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு நிறம் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் சொல்லுவார்கள். அவன் பிரிந்து போனால் அந்த நிறம் கெட்டுப் பீர்க்கம்பூப் போல மேனி வெளிறுகிறது. அதற்குப் பசலை என்று பெயர். தலைவியும் தோழியும் அதைக் கண்டு அழுகிறார்கள். அன்றைக்கு நோயாக இருந்ததை இன்றைக்குக் குப்பியில் அடைத்து விலைக்கு வாங்குகிறோம்!

அடுத்த முறை கடையில், "உங்களுக்கு இரண்டு ஷேட் குறைவாகக் கொடுக்கட்டுமா, மேடம்?" என்று கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள்: "வேண்டாம் அம்மா. என் நிறத்திலேயே இருந்தால் கொடு."