பூநாரைக்கும் ஒரு பாடு

சென்னைக்கு வடக்கே, கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே அகன்று கிடக்கிறது பழவேற்காடு ஏரி. ஏரி என்று பெயரே தவிர, இதன் நீரை அள்ளிக் குடிக்க முடியாது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் உப்பங்கழி இது. ஒடிசாவிலுள்ள சிலிக்காவுக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. டச்சுக்காரர் 1613 இல் கட்டிய ஜெல்டிரியா கோட்டையின் எச்சங்களையும், போர்த்துகீசியர் காலத்தில் தோன்றிய மகிமை மாதா ஆலயத்தையும் காண வருவோர் பலர். நாங்கள் சென்றதோ பறவைகளைக் காண!

திருவருகைக் காலத்தின் முதல் சனிக்கிழமையன்று, எங்கள் பள்ளி இயற்கைக் கழக மாணவியர் 24 பேர், அருட்சகோதரியும் அறிவியல் ஆசிரியையும் உடன்வர, அதிகாலையிலேயே புறப்பட்டோம். கையில் இரண்டு தொலைநோக்கிகள், ஆளுக்கொரு குறிப்பேடு, பொட்டலம் கட்டிய புளியோதரை. எங்களில் ஆறு பேர் பழவேற்காட்டுக் குப்பங்களிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆகவே, வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை!

கார்த்திகை மழை அன்று சற்றே ஓய்ந்திருந்தது. கரையோர மரக்கட்டைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. வானில் செம்பருந்து வட்டமிட்டது. ஆலாக்கள் குத்திட்டு நீரில் விழுந்து மீனோடு எழுந்தன. ஆலா கூடி விழும் இடத்தில் மீன் கூட்டம் உண்டு என்பது வலைக்காரர் கண்ட பாடம். ஆந்திரத்தின் நேலப்பட்டில் கூடு கட்டும் கூழைக்கடாக்களும் இந்த ஏரிக்கு இரை தேடி வருகின்றனவாம். அவற்றில் ஏழு எங்கள் தலைக்கு மேலே வரிசையாகப் பறந்தன. சேற்றுக் கரையில் ஓடியாடிய கொசு உள்ளானோ சிட்டுக்குருவி அளவுதான். ஆனால் வட துருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த விருந்தாளி அது!

“அதோ! அதோ!” என்று ஒருத்தி கூவினாள். தொலைவில் ஆழமற்ற நீரில் வெண்மையும் இளஞ்சிவப்புமாக ஒரு நீண்ட கோடு. பூநாரைகள்! மூன்று பேர் தனித்தனியே எண்ணினோம். 112, 118, 109 என்று வந்தது. “ஏறத்தாழ 110” என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் ஆசிரியை. மழை வெள்ளம் வடிந்து ஏரியில் நீர் குறையக் குறைய, மார்கழி, தை மாதங்களில் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகும் என்றும் கூறினார்.

பூநாரை உண்ணும் விதமே விந்தையானது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்துக்கொள்கிறது. நாக்கை நீர் இறைக்கும் குழாய்போல அசைத்துச் சேற்று நீரை உள்ளிழுத்து வெளியேற்றுகிறது. அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற தட்டுகளில் சிற்றுயிர்களும் பாசிகளும் வடிகட்டப்பட்டுத் தங்கிவிடுகின்றன. அந்த இரையில் உள்ள நிறப்பொருளே அதன் இறகுக்குச் சிவப்பைத் தருகிறது. இரை மாறினால் நிறமும் வெளிறிவிடும். பூநாரையின் அழகெல்லாம் இந்தச் சேற்றின் கொடை என்றால் நம்புவீர்களா?

அந்தக் கூட்டத்துக்கு இப்பால் இன்னொரு காட்சியையும் கண்டோம். முழங்காலளவு நீரில் பெண்கள் சிலர் தவழ்ந்துகொண்டிருந்தனர். ஓலைப் பறியை வாயில் கவ்வியபடி, இரு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்தார்கள். அங்கே பறவை சேற்றைத் துழாவுகிறது. இங்கே தாய் சேற்றைத் துழாவுகிறாள். இரண்டு வயிற்றுக்கும் ஒரே சேறு!

மதியம் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டு வாசலில் அமர்ந்து உணவருந்தினோம். அவளுடைய தந்தை வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதைப் பற்றி நாங்கள் பெருமையுடன் பேசினோம். அவர் வலையிலிருந்து கண்ணெடுக்காமலே கேட்டார்: “பறவைங்களுக்குச் சட்டம் போட்டு வெச்சிருக்காங்க, சரிம்மா. எங்களுக்கு யாரு போடுவாங்க?”

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. ஏரியும் கடலும் கூடும் முகத்துவாரத்தைப் பற்றி அவரே விளக்கினார். மழைக்கால வெள்ளம் அதைத் திறந்துவிடும். கோடையில் மணல் சேர்ந்து அடைத்துவிடும். அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வர வழியில்லை. படகு கடலுக்குப் போகவும் வழியில்லை. சென்ற ஆண்டு அப்படி அடைபட்ட மாதங்களில்தான் எங்கள் தோழி பள்ளியை விட்டு நின்றுவிடுவதாக இருந்தாளாம். இதை அவள் எங்களிடம் அதுவரை சொன்னதேயில்லை.

திண்ணையிலிருந்த ஆயா சொன்னார்: “மொகத்துவாரம் அடைச்சா எங்க அடுப்பும் அணைஞ்சிடும் கண்ணு. அந்தப் பறவைக்கு மட்டும் என்ன? அதுவும் எங்களாட்டம் தானே!”

ஆயாவின் சொல்லில் எங்களுக்கு விடை கிடைத்தது. இவ்வூர் மீனவரிடம் ‘பாடு’ என்றொரு பழைய முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. எவரும் பட்டினி கிடக்கவும் கூடாது. அப்படியானால் பூநாரைக்கும் இந்த ஏரியில் ஒரு பாடு உண்டல்லவா? முகத்துவாரம் திறந்திருந்து, கழிவும் குப்பையும் சேராமல் ஏரி உயிரோடு இருந்தால், இருவர் பாடும் நிறையும். ஏரி கெட்டால், பாடு என்ற சொல்லுக்கு இருவருக்கும் துன்பம் என்ற பொருளே மிஞ்சும்.

மாலையில், குப்பத்துச் சிறுவர்களுடன் சேர்ந்து கரையில் கிடந்த நைலான் வலைத் துண்டுகளைப் பொறுக்கினோம். இரண்டு கோணி நிறைந்தது. உள்ளான்களின் காலைச் சுற்றி முடமாக்குபவை அவை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடந்து வருகிறது. வரும் சனவரியில் நாங்களும் அதில் பங்கேற்க அருட்சகோதரியின் அனுமதியைப் பெற்றிருக்கிறோம்.

அன்புத் தோழியரே, பெற்றோரே! பறவையைக் காப்போம் என்று சொல்லும்போது, அதே நீரை நம்பி வாழும் மனிதரையும் சேர்த்தே சொல்வோம். படைத்தவன் ஒரே பந்தியில் அமர்த்திய இருவரில், ஒருவரை மட்டும் எழுப்பிவிட நமக்கு உரிமை ஏது?

— இயற்கைக் கழகத்துக்காக,
பத்தாம் வகுப்பு மாணவியர்