கம்போவா குளத்தில் ராத்திரிச் சண்டை

பனாமா கால்வாயில் போகிற பெரிய பெரிய சரக்குக் கப்பல்கள், சாக்ரெஸ் ஆறு வந்து கலக்கும் இடத்தில் ஒரு சின்ன ஊரைக் கடந்து போகின்றன. ஊரின் பெயர் கம்போவா. பனாமா நகரத்திலிருந்து காரில் முக்கால் மணி நேரப் பயணம். கால்வாயில் தூர்வாரும் ஊழியர்கள் 1930-களில் இங்கே குடியேறியபோது வளர்ந்த ஊர் இது. வரிசையாகப் பழைய மர வீடுகள், அவற்றின் கொல்லைப்புறத்திலேயே தொடங்கிவிடும் மழைக்காடு. பகலில் வருகிறவர்கள் தொலைநோக்கியும் கையுமாக ‘பைப்லைன் சாலை’க்குப் பறவை பார்க்கப் போய்விடுவார்கள்.

இருட்டிய பிறகு எழுந்திருக்கும் கம்போவா வேறு. மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை இங்கே மழைக்காலம். நல்ல மழை பெய்த சாயங்காலம் குளக்கரைப் பக்கம் போனால், பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அத்தனையும் தவளைச் சத்தம். நம் ஊர் வயல் தவளைகள் மாதிரி தண்ணீரில் கிடந்து கத்துவதில்லை. புல்லிலும் இலையிலும் ஏறி உட்கார்ந்து கத்துகிற மரத்தவளைகள். கட்டைவிரல் நுனியில் ஒன்றை உட்கார வைத்துவிடலாம், அவ்வளவுதான் உடம்பு!

அதில் ஒரு இனத்துக்கு மஞ்சள் உடம்பு, முதுகில் பழுப்புத் திட்டு. திட்டின் வடிவம் அச்சு அசல் உடுக்கை. ‘டென்ட்ரோப்சோபஸ் எப்ராக்கேடஸ்’ என்ற அறிவியல் பெயர் வாயில் நுழையாது. உடுக்கைத் தவளை என்றே வைத்துக்கொள்வோம். அதன் நெருங்கிய உறவு இன்னொரு இனம். அறிவியல் பெயருக்குப் பொருளே ‘சின்னத் தலை’ என்பதால், அது சிறுதலைத் தவளை. இரண்டும் ஒரே குளம், ஒரே புல், ஒரே ராத்திரி. பிரச்னை அங்கேதான் ஆரம்பம்.

கத்துவது ஆண்கள் மட்டும். தொண்டைப் பையை உப்பி, ‘இங்கே இருக்கிறேன், வா’ என்று பெண்ணுக்கு விடும் அழைப்பு அது. பெண் சத்தமில்லாமல் வந்து, கேட்டுப் பார்த்து, பிடித்தவரிடம் போய்ச் சேரும். அழைப்பு அதன் காதில் தெளிவாக விழாவிட்டால் அந்த ராத்திரி வீண். கத்துவதற்குச் செலவாகும் சக்தியும் கொஞ்சமல்ல.

சிறுதலைகள் கோஷ்டி கானம் பாடுகிறவை. ஒன்று ஆரம்பித்தால் சுற்றியுள்ளவை எல்லாம் சேர்ந்துகொள்ளும். கொஞ்ச நேரம் காது கிழியும். பிறகு எல்லாம் சேர்ந்து நிறுத்தும். மறுபடி தொடங்கும். நடுவில் மாட்டிக்கொண்ட உடுக்கைத் தவளை என்ன செய்யும்? கென்ட்வுட் வெல்ஸ், ஜோஷுவா ஸ்வார்ட்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1980-களின் தொடக்கத்தில் பனாமாவில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். சிறுதலைகளின் கோஷ்டிச் சத்தத்தைப் பதிவு செய்து, உடுக்கைத் தவளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவை கத்துவதைக் குறைத்துக்கொண்டன. சத்தம் ஓய்கிற இடைவெளி பார்த்து அதில் தங்கள் அழைப்பை நுழைத்தன. கூட்டமான பஸ்ஸில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார இடம் பிடிக்கிற சாமர்த்தியம்.

எல்லா நேரமும் இப்படி விட்டுக்கொடுத்துப் போவதில்லை. இன்னொரு ஆண் ரொம்பவும் நெருங்கி வந்தால் அழைப்பு அதட்டலாக மாறும். உடுக்கைத் தவளையின் சாதாரணக் குரலே ‘பர்ர்’ என்று அதிர்கிற ஒன்றுதான். கோபக் குரலில் அந்த அதிர்வு பல மடங்கு வேகமாகிவிடும். எதிராளி நெருங்க நெருங்க அதட்டலும் நீண்டுகொண்டே போகும். அப்படியும் நகரவில்லை என்றால் கைகலப்பு. ஒன்றை ஒன்று கட்டிப் புரண்டு இலையிலிருந்து தள்ளிவிடப் பார்க்கும்.

வேற்று இனத்தானோடும் இந்த வாக்குவாதம் நடப்பதுதான் வேடிக்கை. பெண்ணை அழைக்கும் குரல் இனத்துக்கு இனம் வேறு. மாறிப்போனால் குடும்பமே நடக்காது. திட்டும் குரலில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. மொழி தெரியாத ஊரிலும் யாராவது திட்டினால் புரிந்துவிடுகிறதே, அது மாதிரி! சிறுதலைக்கும் உடுக்கைக்கும் பெண் விஷயத்தில் போட்டியே கிடையாது. ஆனாலும் காதுக்குள் கத்துகிறவன் எந்த ஜாதித் தவளையானால் என்ன, தன் குரல் அமுங்கிப் போகிறதே. அந்த வகையில் பார்த்தால் கோபம் நியாயம்தான்.

நியாயமான கோபத்துக்கும் விலை உண்டு. உடுக்கைத் தவளையின் இரண்டு குரல்களையும் பெண்களுக்கு ஒலிபரப்பிப் பார்த்தபோது, அவை போனது அழைக்கும் குரலை நோக்கித்தான். அதட்டும் குரல் அவற்றுக்குப் பிடிக்கவில்லை. திட்டிக்கொண்டே இருக்கிற ஆண், எதிராளியை விரட்டலாம். அந்த நேரத்தில் வந்த பெண் அடுத்த இலைக்குப் போயிருக்கும்.

வாயைத் திறக்காமலே மிரட்டுகிற தவளையும் இதே குளத்தில் உண்டு. போஸ்டர்களிலும் காலண்டர்களிலும் வருகிற சிவப்புக் கண், பச்சை உடம்புத் தவளைதான் அது. எதிராளியைக் கண்டால் பின்னங்கால்களை ஊன்றி உடம்பை வேகமாக உலுக்கும். அந்த அதிர்வு கிளை வழியாகப் போய் அடுத்தவனின் காலில் சேதி சொல்லும். கருவி வைத்துச் செடியை அதே மாதிரி உலுக்கிப் பார்த்தார்கள் ஆராய்ச்சியாளர்கள். தவளைகளும் பதிலுக்கு உலுக்கின. 2010-ல் வெளியான ஆய்வு இது.

சத்தம் போடாமல் இருப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இந்தக் காட்டில் தவளை தின்னும் வௌவால் ஒன்று உண்டு. துங்காரா என்கிற குளத்துத் தவளை கத்துவதைக் கேட்டே, அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தூக்கிவிடும். பெண்ணுக்குப் பிடித்த மாதிரி ‘சக்’ என்ற கூடுதல் ஒலியைச் சேர்த்துப் பாடுகிறவனிடமே வௌவாலும் விரும்பி வருகிறது. பாவம் துங்காரா.

குளக்கரைக்குப் போகிறவர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்வது அவசியம், பாம்புகளும் தவளை தேடித்தான் வரும். டார்ச் வெளிச்சம் மங்கலாக இருக்கட்டும். முகத்துக்கு நேரே அடித்தால் தவளை வாயை மூடிக்கொள்ளும். விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் அசையாமல் நின்றால், பக்கத்துப் புல்லிலிருந்து ஒரு ‘பர்ர்’ கேட்கும். அதற்குப் பதில், அடுத்த புல்லிலிருந்து. அதற்குள் சிறுதலைக் கோஷ்டி மறுபடி ஆரம்பித்திருக்கும்.